அண்ணிக்காக நாங்கள் எழுதிய மனு

மனு எழுதுவதில் அண்ணிக்கு நான்கு விதிகள் உண்டு. ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும். கஷ்டம் முதல் பாராவிலேயே வந்துவிட வேண்டும். பாதிக்கப்பட்டவர் பேனாவைத் தொடக் கூடாது. அவர் சொல்ல, வேறொருவர் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் மனுவைக் கொடுக்கக் கூடாது. திங்கட்கிழமைதோறும் வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்துக்கு எதிரே புங்க மரத்தடியில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு இலவசமாக மனு எழுதித் தருவது இந்த விதிகளின்படிதான். பத்து வருஷத்தில் ஒரே ஒரு முறை நாலாவது விதியை மீறினோம். அதனால் அண்ணி இந்த ஊரைவிட்டே போக நேர்ந்திருக்கும்.

அண்ணி பெல்ஜியத்தில் பிறந்தவர். அங்கே சமூகப் பணியாளராக வேலை பார்த்தவர். கீழ்பென்னாத்தூரிலிருந்து எஞ்சினியராகப் போன ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, ஓய்வு பெற்றபின் கணவரோடு இங்கே வந்து வாடகை வீட்டில் குடியேறினார். கணவருடைய தம்பி அவரை முறைப்படி 'அண்ணி' என்று கூப்பிட்டார். தம்பியின் நிலத்தில் வேலை செய்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். பிறகு பஸ் டிரைவர்கள், காய்கறிக்காரர்கள், அவரைவிடப் பத்து வயது மூத்தவர்கள், கடைசியில் நான். ஆறடி உயரம், கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும் நூல் புடவை, எழுபதை நெருங்கும் வயது. எல்லா ஆண்களும் அவருக்குத் 'தம்பி'.

தமிழை அவர் மல்லாட்டைக் காட்டில், அதாவது வேர்க்கடலைக் காட்டில், களை எடுக்கும் பெண்களிடம் கற்றுக்கொண்டார். அதனால் திட்டுவது சரளமாக வரும். நன்றி சொல்ல வேண்டுமென்றால்தான் கொஞ்சம் யோசிப்பார். சமையல் மட்டும் வரவில்லை. அவர் வைக்கும் சூப்பை ஒரு முறை குடித்தவர்கள், மறுநாளிலிருந்து தாங்களே சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். தெருவில் அதற்கு முறை வைத்திருக்கிறார்கள். அவர் வெளியே போயிருந்தாலும் தூக்குச்சட்டியை உள்ளே வைத்துவிட்டுப் போக வசதியாக அந்த வீட்டுச் சாவி நாலு வீட்டில் இருக்கிறது.

தொண்டுக்கு ஆள் சேர்க்க அவர் கூட்டம் போட்டு நான் பார்த்ததில்லை. சும்மா நிற்கிறவர் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், தன் தெருச் சாக்கடை பற்றி மனு கொடுக்க வந்தார். வரிசையில் நின்றவரை அண்ணி கூப்பிட்டு அட்டையையும் பேனாவையும் கொடுத்து, "அந்த ஆயாவுக்கு எழுதிக் குடுங்க தம்பி, அப்புறம் உங்களுது பாக்கலாம்" என்றார். அவர் அன்று உட்கார்ந்தவர்தான். சாக்கடை இன்றும் அப்படியே இருக்கிறது. நான் பத்திரிகை அலுவலகத்தில் துணையாசிரியராக இருந்தபோது அண்ணியைப் பற்றி ஒரு துணுக்கு எழுதப் போனேன். "எழுதத் தெரியுமா? அப்ப உக்காருங்க" என்றார். துணுக்கு வரவே இல்லை.

நாலாவது ஆள் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். பல தலைமுறையாக விவசாயம் செய்தவர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார். அதனால் எங்கள் கூட்டம் எதுவாக இருந்தாலும் ஐந்தரைக்கு முடிந்துவிடும். வெட்டிப் பேச்சு இல்லாத ஒரே குழு என்று எங்களுக்கு ஊரில் பெயர். காரணம் டீச்சரின் இரவுச் சாப்பாடு. அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. பொய் சொல்ல மாட்டார். எங்கள் மனுக்களில் ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு, "இது நெஜந்தானே?" என்று கேட்டபிறகுதான் அடுத்த வரிக்குப் போவார்.

அண்ணியின் கணவர் இறந்து நாலு வருஷம் ஆகிறது. அவர் இருந்தவரை அண்ணி இங்கே தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிப்பது, கரண்ட் பில் கட்டுவது மாதிரி ஒரு வேலையாக இருந்தது. இந்த முறை அப்படி நடக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை, கூட்டம் கலைந்த பிறகு அண்ணி சொன்னார்.

"உள்ளூர் ஆளுங்க மூணு பேரு கையெழுத்து போட்டு லெட்டர் வேணுமாம். நான் எங்க இருக்கேன், எப்பிடிப் பொழைக்கிறேன், எதுக்கு இங்க இருக்கணும். நாலு வரி போதும்."

"நாப்பது வரி எழுதிடலாம் அண்ணி" என்றார் கண்டக்டர்.

"நாலு வரி, தம்பி."

"எப்ப வரைக்கும் டைம்?" என்று கேட்டேன்.

"இந்த மாசக் கடைசியோட அனுமதி முடியுது. குடுக்கலைனா போய்த்தான் ஆகணும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அங்க எனக்குத் தெரிஞ்சவங்க ரெண்டு பேரு இருக்காங்க. அதுல ஒருத்தரு பல் டாக்டரு."

மூன்றாவது விதி எல்லோருக்கும் பொது என்பதால், எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார்.

நாங்கள் எழுத உட்கார்ந்தோம். எங்களிடம் ஒரு மாதிரி மனு இருக்கிறது. பிளாஸ்டிக் உறை போட்டு டீச்சர் பத்திரமாக வைத்திருப்பது. பெயர், ஊர், கோரிக்கை ஆகிய இடங்கள் மட்டும் காலியாக இருக்கும். மற்ற வரிகள் பலமுறை சோதித்து வெற்றி கண்டவை. கண்டக்டர் அதை முன்னால் வைத்துக்கொண்டார்.

"அவங்களுக்கு அங்கேயிருந்து பென்ஷன் வருதே, அத எழுத வேணாங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

கண்டக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "டீச்சர், மங்கலத்து ஆயா மனு இன்னா ஆச்சு? பையன் எப்பயாவது ஏதோ அனுப்புறான்னு ஒரே ஒரு வரி. தள்ளுபடி."

"அது முதியோர் உதவித்தொகை. இது வேற இல்லீங்களா?"

"ஆபீஸ்னா எல்லாம் ஒண்ணுதான். இருக்குதுன்னு சொன்னா, அப்ப உனக்கு எதுக்குன்னுதான் கேப்பான்."

எனக்கும் அது சரியாகவே பட்டது. பத்து வருஷம் ஒரே வகை மனு எழுதினால், எல்லா அலுவலகமும் நம்மிடம் என்ன இல்லை என்றுதான் கேட்கும் என்று தோன்றிவிடுகிறது. டீச்சர் வழக்கம்போல ஒவ்வொரு வரியாக விரலை வைத்தார். ஒவ்வொன்றும் உண்மை. நானும் ஒரு வரி சேர்த்தேன். அதுவும் உண்மை. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். கண்டக்டர் தன் செல்போன் எண்ணையும் எழுதினார்.

அண்ணி டீ கிளாஸோடு திரும்பி வந்தபோது உறை ஒட்டியாகிவிட்டது.

"படிச்சுக் காட்டுங்க" என்றார்.

அண்ணியைப் பற்றி அண்ணியிடமே படிப்பதா என்று எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. கண்டக்டர்தான் சமாளித்தார். "நல்லாதான் எழுதியிருக்கோம் அண்ணி. நீங்க பாத்துப் பாத்துச் சொல்லிக் குடுத்த மாதிரியே."

அண்ணி உறையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். வீட்டுப் பக்கம் போகும் பஸ் வந்துவிட்டதால் உறையை வாங்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் புதன்கிழமை சாயங்காலம் கண்டக்டருக்குப் போன் வந்தது. வெளிநாட்டவர் பதிவைக் கவனிக்கும் பிரிவிலிருந்து. மறுநாள் காலை பத்து மணிக்கு வீட்டைப் பார்த்து விசாரிக்க வருவதாகச் சொன்னார்கள். கண்டக்டர் அண்ணிக்குச் சொல்வதற்கு முன் எங்களைக் கூப்பிட்டார்.

"வீட்டைப் பாக்க வர்றாங்களாம். உள்ள ஃபிரிட்ஜ் இருக்குது, ஏ.சி. இருக்குது, வாஷிங் மிஷின் இருக்குது. நம்ம லெட்டர்ல இன்னா எழுதியிருக்கோம்?"

விசாரணை என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். எங்கள் மனுதாரர் ஒருவருக்கு உதவித்தொகை கிடைக்காமல் போனதற்குக் காரணம், விசாரிக்க வந்தவர் வீட்டுக்குள் ஒரு ஃபிரிட்ஜைப் பார்த்துவிட்டதுதான். அது ஓடாத ஃபிரிட்ஜ். எலிக்குப் பயந்து அந்த அம்மாள் அதில் அரிசி வைத்திருந்தார். அன்றிலிருந்து விசாரணைக்கு முன் வீட்டைப் 'பார்த்துக் கொடுப்பது' கண்டக்டரின் தனிப் பொறுப்பு.

வியாழக்கிழமைகளில் அண்ணி கீழ்பென்னாத்தூருக்குப் போய், வயதானவர்களைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போகும் பெண்களுக்கு அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் பத்து மணிக்குத் திரும்புவார். "பத்து மணிக்கு வீட்டுல இருங்க அண்ணி, ஆபீஸ்லேர்ந்து வர்றாங்க" என்று மட்டும் கண்டக்டர் அவரிடம் சொன்னார். காலை ஏழரைக்கு நாங்கள் பக்கத்து வீட்டில் இருந்த சாவியை வாங்கி உள்ளே போனோம்.

நேரம் எங்களுக்குச் சாதகமாக இருந்தது. கணவருடைய தம்பி அன்று விடிகாலையில் மினி வேனில் மல்லாட்டை மூட்டைகளைக் கொண்டுவந்து விற்பனைக் கமிட்டியில் இறக்கிவிட்டு, காலி வண்டியோடு ஊருக்குத் திரும்புவதாக இருந்தார். கண்டக்டர் வண்டியை வாசலுக்கு வரவழைத்தார். விஷயத்தைக் கேட்டதும் தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது.

"எங்க அண்ணிக்கு ஒண்ணுமில்லனு எழுதினீங்களா? ஊர்ல எங்க மானம் இன்னாவறது?"

"அண்ணி இருக்கணுமா, மானம் இருக்கணுமா? ஒண்ணு சொல்லு" என்றார் கண்டக்டர்.

அவர் பீரோவின் ஒரு முனையைப் பிடித்தார்.

பீரோ முதலில் ஏறியது. அதன் பின்னால் வாஷிங் மிஷின், டி.வி., எழுதும் மேஜை. சோபா கடைசியில். விழாக்களில் அண்ணிக்குப் போர்த்திய பொன்னாடைகள் ஒரு மூட்டை இருந்தன. கயிறு போதாமல் அவற்றை முறுக்கி சோபாவைக் கட்டினோம். ஃபிரிட்ஜைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். ஏ.சி.யைக் கழற்றத் தெரியவில்லை. அதன் மேல் மூன்று காலண்டர்களை மாட்டினோம். கூடத்தில் ஒரு பாய், ஒரு அலுமினியக் குண்டான். மண்பானை ஒன்றைக் கண்டக்டர் தன் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார்.

டீச்சர் எதையும் தொடவில்லை. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "என்னால பொய் சொல்ல முடியாது. பன்னெண்டு மணி வரைக்கும் மௌன விரதம்" என்று சொல்லி உதடுகளை மூடிக்கொண்டார். மணி ஒன்பது பத்து. வேன் புறப்பட்டது.

பத்துக்குக் கால் மணி இருக்கும்போதே அதிகாரி வந்துவிட்டார். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர். புடவை, ஸ்கூட்டர், ஹெல்மெட், கையில் ஃபைல். வாசலில் டீச்சரிடம் கேட்டார்.

"பெல்ஜியம் அம்மா வீடு இதுதானே?"

டீச்சர் ஆமென்று தலையசைத்தார்.

"உள்ள இருக்காங்களா?"

இல்லை என்று தலையசைத்தார்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

இதற்குச் சைகை இல்லை. டீச்சர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

அதிகாரி உள்ளே வந்து பாயைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். சுவரோரம் வெள்ளையாகத் தெரிந்த செவ்வகங்களையும் பார்த்தார். பல வருஷம் சாமான்கள் நின்ற இடங்கள் அவை.

"சாமானே இல்லியா?"

"நீங்க பாக்குறதுதான் மேடம்" என்றார் கண்டக்டர், துக்க வீட்டுக் குரலில்.

அதிகாரி மறுபடி வாசலுக்குப் போனார். "ஏங்க, வீட்டுல ஒண்ணுமே காணோமே?" என்று டீச்சரிடம் கேட்டார். டீச்சர் வலது கையை நீட்டி, கீழ்பென்னாத்தூர் இருக்கும் கிழக்குத் திசையைக் காட்டினார். அதிகாரி அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே ஒரு வேப்பமரமும் தண்ணீர்த் தொட்டியும்தான் இருந்தன. டீச்சர் கையை இறக்கவில்லை.

அப்போதுதான் ஷேர் ஆட்டோவிலிருந்து அண்ணி இறங்கினார். நேராகக் கூடத்துக்குள் வந்து நின்றார். சுற்றிலும் பார்த்தார். பிறகு களை எடுக்கும் பெண்களிடம் கற்ற தமிழில் திருடனின் கைகள், கால்கள், அவனைப் பெற்றவள், அவனுக்கு இனி விளையப்போகும் பயிர் என்று வரிசையாகத் தொடங்கினார். பயிரில் பூச்சி விழும் கட்டம் வந்தபோது கண்டக்டர் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணி, நாங்கதான்."

அண்ணி நிறுத்தினார். வெயிலில் வந்தவர். ஜன்னல் மேடையில் ஏ.சி. ரிமோட் இருந்தது. அதை ஒளிக்க எங்களுக்குத் தோன்றவில்லை. பழக்கத்தில் அதை எடுத்து அழுத்தினார். சுவரில் முருகன் மெல்ல எழுந்தார். அவருக்குப் பின்னால் லட்சுமியும். இரண்டு காலண்டர்களும் ஆணியோடு கீழே விழுந்தன. மூன்றாவது, உரக்கடைக் காலண்டர், கூடத்தைக் கடந்து வந்து அதிகாரியின் காலடியில் இறங்கியது. அவர் அதை எடுத்துச் சுருட்டிக் கண்டக்டரிடம் கொடுத்தார். அந்த அறையில் இப்போது ஒரு பாய், ஒரு குண்டான், ஒரு பானை, நன்றாக ஓடுகிற ஒரு ஏ.சி. ஆகியவை இருந்தன.

"இந்த லெட்டர் நீங்க எழுதினதா?" என்று அதிகாரி எங்களைக் கேட்டார். ஆமென்றோம். அவர் ஃபைலைத் திறந்து வாய்விட்டுப் படித்தார்.

"'மேற்படி பெண்மணி கணவரை இழந்தவர். சொந்தமாக ஒரு சென்ட் நிலமோ வீடோ இல்லாதவர். உடன் பிறந்தார் எவரும் இந்நாட்டில் இல்லை. இவ்வூரில் எந்த வருமானமும் இல்லை. அன்றாட உணவுக்கே அக்கம்பக்கத்தாரை நம்பியிருக்கிறார். திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகம் எதிரே மரத்தடியில் காணப்படுகிறார். ஐயா அவர்கள் கருணை கூர்ந்து...'"

அக்கம்பக்க உணவு பற்றிய வரி என்னுடையது.

அண்ணி கையைக் கட்டிக்கொண்டு கவனமாகக் கேட்டார். முடிந்ததும், "பாவம். இந்தம்மாவுக்கு ஒடனே ஏதாவது பண்ணணும்" என்றார். பிறகு, "யாரு இது?" என்றார்.

"நீங்கதான் அண்ணி."

அதிகாரி ஃபைலை மூடினார். "மேடம், நான் பாக்க வந்தது வேற. இங்க தங்குறவங்களுக்குப் பொழைக்க வழி இருக்குதானு நான் எழுதணும். இல்லைனு இருந்தா, பரிந்துரை பண்ண முடியாதுனுதான் எழுத முடியும். இந்த லெட்டரும் அதத்தான் சொல்லுது. வீடும் அதத்தான் சொல்லுது."

கண்டக்டர் பாயில் உட்கார்ந்துவிட்டார். அவர் கொண்டுவந்த பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பென்ஷன் வருது. பேப்பர் எல்லாம் இருக்குது" என்றார் அண்ணி.

"எங்க இருக்குது?"

"பீரோவுல."

"பீரோ எங்க?"

எல்லோரும் வாசலைப் பார்த்தோம். டீச்சரின் கை மறுபடி கிழக்கே நீண்டது.

அண்ணி அந்தக் கையைப் பார்த்தார். எதையோ யோசித்தார். "பஸ்ல வர்றப்போ எதிர்ல ஒரு வண்டியில என்னோட சோபா மாதிரியே ஒண்ணு போச்சு. யாரோ அதே மாதிரி வாங்கியிருக்காங்கனு சந்தோஷப்பட்டேன்" என்றார்.

தம்பிக்குப் போன் போட்டோம். மூன்றாவது முறை எடுத்தார். "இப்பதான் எறக்க ஆரம்பிச்சோம், சோபாவ எறக்கியாச்சு" என்றார். அதோடு நிறுத்திவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே திருப்பிக் கொண்டுவரச் சொன்னோம். "மானம் வேணாம்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டார். அண்ணி போனை வாங்கி இரண்டே வார்த்தை பேசினார். வண்டி கிளம்பும் சத்தம் எங்களுக்கே கேட்டது.

வண்டி வர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள், அன்று முறை வைத்திருந்த வீட்டிலிருந்து அந்த அம்மாள் தூக்குச்சட்டியில் பொங்கலும் ஒரு கிண்ணத்தில் கொத்சும் கொண்டுவந்தார். அதிகாரி இருப்பதைப் பார்த்து அடுத்த வீட்டிலிருந்து வடை வந்தது. எதிர் வீட்டிலிருந்து இன்னொரு பொங்கல். அதிகாரி பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

"தினம் இப்பிடித்தானா?"

"அவங்க சமைச்சா நாங்களும் சாப்பிடணும் மேடம். அதுக்கு இது எவ்வளவோ தேவல" என்றார் பொங்கல் கொண்டுவந்தவர்.

அதிகாரி ஃபைலைத் திறந்து ஏதோ குறித்துக்கொண்டார். என் வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டதாக எனக்குத் தோன்றியது.

வேன் வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு முன் அண்ணிக்கு ஒன்றுமில்லை என்று காட்டப் பாடுபட்ட அதே கைகள் இப்போது அவருடைய செல்வத்தை உள்ளே சுமந்து வந்தன. அதிகாரி வாசல் நிலையில் சாய்ந்து நின்று ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதினார். "வாஷிங் மிஷின் ஒண்ணு. டி.வி. ஒண்ணு. மேஜை ஒண்ணு." பக்கத்து வீட்டிலிருந்து ஃபிரிட்ஜ் தள்ளிக்கொண்டு வரப்பட்டது. அதற்குள் அந்த வீட்டுக்காரர் தன் தயிரையும் பூச்சரத்தையும் வைத்திருந்தார். "ஃபிரிட்ஜ் ஒண்ணு. தயிர் யாருது?" பீரோ மட்டும் நிலைப்படியில் மாட்டிக்கொண்டது. காலையில் வெளியே போனது எப்படி என்று யாருக்கும் நினைவில்லை. டீச்சர் எழுந்து வந்து, பேசாமல், கதவைக் காட்டிக் கையைப் பக்கவாட்டில் சாய்த்தார். சாய்த்தோம். வந்துவிட்டது.

அண்ணி கைப்பையிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். காகிதங்கள் எல்லாம் உள்ளே இருந்தன. தேதிவாரியாக, மூன்று மொழிகளில். அதிகாரி ஒரு தாளைப் படித்தார். இன்னொன்றைப் படித்தார். கண்டக்டரைப் பார்த்தார்.

"என் சம்பளத்தவிட ஜாஸ்தி" என்றார்.

"சரி, இது போதும். ஆனா அந்த லெட்டர ஃபைல்ல வெச்சா மேல கேள்வி கேப்பாங்க. வேற எழுதிக் குடுங்க. பன்னெண்டுக்கு நான் கிளம்பணும்."

அண்ணி விதிப்படி சமையலறைக்குப் போய்விட்டார். நாங்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். எங்கே இருக்கிறார் என்பது ஒரு வரி. எப்படிப் பிழைக்கிறார் என்பது ஒரு வரி. பென்ஷன் என்ற சொல்லைக் கண்டக்டரே எழுதினார். எதற்கு இங்கே இருக்க வேண்டும் என்ற இடத்தில் நின்றுவிட்டோம். இல்லாதவர்களைப் பற்றி எழுத எங்களுக்குப் பத்து வருஷப் பழக்கம். இன்னொரு வகை மனிதரைப் பற்றி எங்கள் மாதிரி மனுவில் ஒரு வாக்கியமும் இல்லை.

கண்டக்டர், "ஏழைகளின் தெய்வம், அன்னையின் மறு உருவம்" என்று தொடங்கினார். பத்திரிகையில் செய்வதுபோல நான் அதை அடித்தேன். "தன்னலமற்ற" என்று நான் எழுதினேன். அதை அவர் அடித்தார். மணி பதினொன்று முப்பத்தைந்து. டீச்சர் என் கையிலிருந்து பேனாவை வாங்கி இரண்டு வரி எழுதினார்.

'திங்கட்கிழமைகளில் நாங்கள் மூவரும் மரத்தடியில் உட்கார்ந்து பிறருக்கு மனு எழுதுவது இவரால்தான். இவர் இல்லாவிட்டால் நாங்கள் வீட்டில் இருந்திருப்போம்.'

"இது நம்மளப் பத்தி இல்ல இருக்குது டீச்சர்? அண்ணிய பத்தி எங்க?" என்றார் கண்டக்டர்.

டீச்சர் விரலை அந்த வரியின் மேல் வைத்து அவரைப் பார்த்தார். நெஜந்தானே என்று கேட்கும் விரல். கண்டக்டர் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன்.

"படிச்சுக் காட்டுங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

இந்த முறை யாரும் கூச்சப்படவில்லை. டீச்சரால் பேச முடியாது என்பதால் நான் படித்தேன். அண்ணி ஈரக் கையோடு வந்து நின்று கேட்டார். நன்றி சொல்ல வேண்டிய இடங்களில் அவர் யோசிப்பார் என்று சொன்னேன் அல்லவா? அப்படி யோசித்தார்.

"நாலு வரிதான். அப்பவே சொன்னேன்" என்றார். பிறகு, "இன்னொரு வாட்டி படிங்க" என்றார்.

விதிப்படி ஒரு முறை போதும். இரண்டாம் முறையும் படித்தேன். அதிகாரி தாளை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினார். "வரேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். அப்படிக் கூப்பிட்டதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. பன்னிரண்டு அடித்தது. டீச்சர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முதல் வார்த்தை பேசினார். கண்டக்டரைப் பார்த்து, "அந்தப் பானைய எடுத்துட்டுப் போங்க" என்றார்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அனுமதி வந்தது.

சோபா மட்டும் வரவில்லை. கணவருடைய தம்பி வீட்டில் அதன் மேல் மல்லாட்டை மூட்டைகள் ஏறிவிட்டன. வண்டி கிடைக்கவில்லை என்கிறார், மழை என்கிறார். மானம் பற்றிய பழைய பேச்சும் இடையில் வருகிறது. அதிகாரியின் பட்டியலில் 'சோபா - 1 (வர வேண்டியது)' என்று இருக்கிறதாம். வேறு வேலையாக மரத்தடிப் பக்கம் வந்தபோது, வந்துவிட்டதா என்று அவர் விசாரித்தார்.

போன திங்கட்கிழமை, கூட்டம் கலைந்த பிறகு, அண்ணி எங்களுக்கு எதிரே மனுதாரர்கள் உட்காரும் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். பேனாவைத் தொடவில்லை. அவர் சொல்ல, கண்டக்டர் எழுதினார். பெறுநர், கீழ்பென்னாத்தூர் தம்பி. கோரிக்கை ஒன்றே ஒன்று. முட்டி வலி முதல் பாராவிலேயே வந்துவிட்டது. டீச்சர் அதன் மேல் விரலை வைத்தார்.

"நெஜந்தான். பாயில ஒக்காந்தா எழுந்துக்க முடியல" என்றார் அண்ணி.

பிறகு அவருக்குப் படித்துக் காட்டினோம்.